அரிசோனா குவார்ட்ஸைட் பாலைவனத்துல ஓசி ஆர்வி கேம்பிங்: குடும்பத்தோட போக நினைக்கிறவங்களுக்கு

முடிவ மொதல்லயே சொல்லிடறேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம். குளிர்காலத்துல, ஒழுங்கான ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்க வீட்டு வண்டி ஒண்ணு கையில இருந்தா, குவார்ட்ஸைட் சுத்தி இருக்க அரசாங்க பாலைவன நிலத்துல போய் தங்குங்க, கண்டிப்பா போங்க. வாடகை ஒரு பைசா கிடையாது, ரிசர்வேஷன் கிடையாது, பக்கத்து வண்டிக்காரர் டிவி சத்தம் நம்ம காதுல விழாது. ஆனா நிலம் மட்டும்தான் ஓசி. தண்ணி, கரண்ட், கக்கூஸ் மூணும் நம்ம பொறுப்பு, அத உக்காந்து கணக்கு பண்ணாம கெளம்பினீங்கன்னா ரெண்டாவது நாளே வண்டிய திருப்ப வேண்டி வரும். நெட்ல போட்டோ போடுறவங்க யாரும் இந்த கணக்க சொல்றதில்ல, அதனால நான் அதத்தான் விலாவாரியா எழுதப்போறேன்.

இந்த நிலமெல்லாம் பிஎல்எம், அதாவது பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட்ங்கற மத்திய அரசு டிபார்ட்மென்ட் கையில இருக்கு. 1946ல ஆரம்பிச்சது. கிட்டத்தட்ட 24.5 கோடி ஏக்கர், அமெரிக்காவோட மொத்த நிலத்துல பத்துல ஒரு பங்கு, நம்ம தமிழ்நாட்ட மாதிரி ஏழு மடங்குக்கும் மேல, பெரும்பாலும் மேற்கு மாநிலங்கள்லயும் அலாஸ்காலயும் தான். அதுல நெறைய எடத்துல யார் வேணா போய் தங்கலாம். குவார்ட்ஸைட் பக்கம் ரூல் என்னன்னா 28 நாள்ல 14 நாள் வரைக்கும் ஒரே ஏரியால இருக்கலாம், அதுக்கப்புறம் குறைஞ்சது 25 மைல் தள்ளி போயிடணும். நம்ம மாதிரி லீவு போட்டு போறவங்களுக்கு 14 நாளே தாராளம்.

பீனிக்ஸ்ல இருந்து ஐ-10 ஹைவே புடிச்சு மேற்க போனா ஏறக்குறைய 130 மைல், ரெண்டு மணி நேரம், ஆர்வில போனா கொஞ்சம் கூட ஆகும். ஐ-10உம் யுஎஸ்-95உம் குறுக்க சந்திக்கிற எடம்தான் குவார்ட்ஸைட். ரெண்டாயிரத்து சொச்சம் பேர் இருக்க சின்ன ஊர், வெயில் காலத்துல காலியா கெடக்கும், ஜனவரில பெரிய ஆர்வி ஷோவும் கல்லு, ரத்தினம் விக்கிற சந்தையும் நடக்கறப்ப கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வண்டிதான். அமைதி வேணும்னு போறவங்க ஜனவரி நடுவுல போகாதீங்க. நாங்க டிசம்பர் ஸ்கூல் லீவுல போனோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, அப்புறம் ஊர்ல இருந்து வந்திருந்த அத்தையும் மாமாவும்.

எடம் எதுன்னு தேர்வு பண்றது முக்கியம். ஊர சுத்தி ஓசி ஏரியா நாலஞ்சு இருக்கு. ஹை ஜாலி ஊருக்கு வடக்க ரொம்ப பக்கம், கடைக்கு போக வசதி, ஆனா வண்டிங்க நெருக்கமா நிக்கும். ஸ்கேடன் வாஷும் டோம் ராக்கும் ஐ-10 பக்கத்துல, ராத்திரி பூரா ட்ரக் போற சத்தம் கேக்கும், தூக்கம் லேசா இருக்கவங்களுக்கு ஆகாது. தெக்க ரோட்ரன்னர் இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கும். எனக்கு புடிச்சது ப்ளோமோசா ரோடு. ஊருக்கு வடக்க ஸ்டேட் ரூட் 95ல போய் வலது பக்கம் திரும்பணும், தார் ரோடு, ரெண்டு பக்கமும் மண் பாதை பிரிஞ்சு பிரிஞ்சு போகும், உள்ள போகப் போக ஆளுங்க கொறையும். நாங்க வாடகைக்கு எடுத்த 25 அடி கிளாஸ் சி வண்டி, அதாவது வேன் அடித்தளத்து மேல கட்டுன நடுத்தர ஆர்வி, ஃபோர் வீல் ட்ரைவ் எதுவும் இல்லாம, தடுமாறாம உள்ள போச்சு.

கேம்ப் ஹோஸ்ட்னு ஒருத்தர் அவரோட சொந்த ஆர்வில உக்காந்திருப்பார், ரிட்டயர்ட் ஆன பெரியவர், வாலன்டியர். அவர்கிட்ட வண்டி நம்பர் குடுத்து ஒரு பர்மிட் எழுதி வாங்கணும், அதுவும் ஃப்ரீ. எங்களுக்கு எழுதி குடுத்தவர் பொறுமையா மேப் காட்டி எங்க மேடு, எங்க பள்ளம்னு சொன்னார். அவர் அழுத்தி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், காஞ்ச ஓடைக்குள்ள வண்டிய போடாதீங்க. அங்க அத வாஷ்னு சொல்வாங்க. பாக்க மணலா, சமமா, நெழலுக்கு மரத்தோட ஆசையா இருக்கும், ஆனா மழை நமக்கு மேல பெய்யணும்னே இல்ல, பத்து மைல் தள்ளி மலைல பெஞ்சா கூட அங்க தண்ணி அடிச்சுட்டு வரும். அவர் விளக்கி முடிச்சதும் அத்தை என்கிட்ட திரும்பி, "ஏம்மா, இம்புட்டு பெரிய எடத்துக்கு இவர் ஒருத்தர்தானா காவலு?"ன்னு கேட்டாங்க. ஆமா அத்தை, அவ்ளோதான்.

தரை எப்படி இருக்கும்னு சொல்லணும். பாலைவனம்னா நம்ம ஆளுங்க ராஜஸ்தான் மணல் மேட்ட நெனச்சுக்கறாங்க, இது அது இல்ல. குட்டி குட்டி கருங்கல் நெருக்கமா பதிச்சு வச்ச மாதிரி கெட்டியான தரை, காலகாலமா கொஞ்சம் கொஞ்சமா உருவானது. ஒரு கல்ல எடுத்து பாத்தா மேல் பக்கம் கருப்பா பளபளன்னு இருக்கு, அடிப்பக்கம் செவப்பா இருக்கு. அதனாலதான் ஏற்கனவே வண்டி ஓடுன தடத்துலயே போகணும்னு சொல்றாங்க, ஒரு தடவ டயர் ஏறுன தடம் வருஷக்கணக்குல மறையாது. நடுவுல கிரியோசோட் புதர், பாலோ வெர்டே மரம், அங்கங்க ஆள் உயரத்த தாண்டுன சவாரோ கள்ளி. சோயா (cholla)ன்னு ஒரு கள்ளி இருக்கு, அதுகிட்ட மட்டும் பிள்ளைங்கள விடாதீங்க, லேசா உரசினாலே ஒரு துண்டு பிச்சுகிட்டு வந்து கால்ல ஒட்டிக்கும், கையால எடுத்தா கையிலயும் ஏறிடும். ஒரு பழைய சீப்பு வச்சுக்குங்க, சீப்ப உள்ள விட்டு வெடுக்குன்னு தட்டி விட்டா வந்துடும். பெரியவன் கால்ல அப்படித்தான் எடுத்தோம்.

சரி, தண்ணி. இதுதான் எல்லாத்தவிட பெரிய விஷயம். எங்க வண்டில நல்ல தண்ணி டேங்க் 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர். ஆறு பேருக்கு 150 லிட்டர். வீட்டுல ஷவர திறந்தா நிமிஷத்துக்கு ரெண்டு கேலன் போகும், அப்போ ஒரு ஆள் பத்து நிமிஷம் குளிச்சா பாதி டேங்க் காலி. அதனால குளியல் எப்படின்னா, நனச்சுட்டு மூடு, சோப்பு போடு, திறந்து அலசிட்டு மூடு. அப்படி பண்ணா ஒரு ஆளுக்கு ரெண்டு கேலன்ல முடியும். பெரியவங்களுக்கு பக்கெட்ல சுடுதண்ணி வெளாவி ஒரு மக் குடுத்தது ஷவர விட ரொம்ப சிக்கனமா இருந்துச்சு, மாமா மொதல் நாள்ல இருந்தே அப்படித்தான். குடிக்கிற தண்ணிய டேங்க்ல இருந்து எடுக்காம தனியா கேன்ல வாங்கி வச்சிட்டோம், பாலைவன காத்துல வேர்வையே தெரியாது, ஆனா ஒடம்பு காயும், குளிர்காலம்னாலும் ஆளுக்கு மூணு நாலு லிட்டர் கணக்கு வச்சுக்குங்க.

பாத்திரம் கழுவுறதுலதான் நம்ம சமையலுக்கு சிக்கல். கழுவுன தண்ணியெல்லாம் கிரே டேங்க்ல போய் சேரும், அதுவும் ரொம்பினா ஷவர் அடில இருந்து மேல எதுத்து வரும். சாம்பார், எண்ணெய், புளி எல்லாம் உள்ள போனா ரெண்டு நாள்ல நாத்தம் தாங்காது. தட்ட பேப்பர் டவலால நல்லா தொடச்சிட்டு அப்புறம்தான் கழுவணும், சாப்பிட பேப்பர் ப்ளேட், அரிசி களையற தண்ணிய ஒரு கிண்ணத்துல புடிச்சு மொத கழுவலுக்கு வச்சுக்கறது, இப்படியெல்லாம் பண்ணோம். தொடச்ச பேப்பர் எல்லாம் குப்பை பைல போய் நம்ம கூடவே திரும்பி வரும். சில பேர் ராத்திரி கிரே தண்ணிய அப்படியே தரைல தொறந்து விட்டுடறாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. நாளைக்கு இன்னொரு குடும்பம் அதே எடத்துல பாய் விரிக்கும்.

கக்கூஸ் டேங்க், பிளாக் டேங்க்னு சொல்வாங்க, எங்களுக்கு அது கிரே டேங்குக்கு அப்புறம்தான் ரொம்புச்சு. நம்ம ஆளுங்க பேப்பர விட தண்ணி உபயோகிக்கறதால கொஞ்சம் சீக்கிரம் ரொம்பும், ஆனா கட்டி புடிக்காது, காலி பண்றப்ப சுலபமா போயிடுது. ஊருக்குள்ள தனியார் எடங்கள்ல காசு குடுத்து டேங்க் காலி பண்ணலாம், நல்ல தண்ணி ரொப்பிக்கலாம், குப்பை போடலாம். போறப்ப கையில டிஸ்போஸபிள் க்ளவுஸ் ஒரு டப்பா எடுத்துட்டு போங்க. மொதல்ல பிளாக், அப்புறம் கிரே, அப்போதான் சோப்பு தண்ணி பைப்ப கழுவிட்டு போகும்.

கரண்ட் விஷயத்துலதான் வாடகை வண்டி எடுக்கறவங்க மாட்டிக்கறாங்க. சொந்த வண்டி வச்சிருக்கவங்க கூரை மேல சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, இன்வெர்டர்னு ராஜா மாதிரி இருக்காங்க, அந்த ஏரியால வெயிலுக்கு டிசம்பர்லயே 400 வாட் பேனல் இருந்தா சாதாரண செலவுக்கு போதும்ங்கறாங்க. வாடகை வண்டில பெரும்பாலும் சாதா லெட் ஆசிட் பேட்டரிதான். அது 100 ஆம்பியர் அவர்னு எழுதியிருந்தாலும் பாதிக்கு கீழ எறக்கக்கூடாது, அப்போ கையில 50தான். ராத்திரி அஞ்சு டிகிரிக்கு எறங்கும், ஹீட்டர் போடணும். ஹீட்டர் கேஸ்லதான எரியுதுன்னு எல்லாரும் நெனப்பாங்க, ஆனா சூட்ட வண்டிக்குள்ள தள்ளுற ஃபேன் பேட்டரில ஓடுது, ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். ராத்திரில பாதி நேரம் ஓடினாலே அந்த 50 காலி, விடிகாலைல கேஸ் அலாரம் பேட்டரி இல்லன்னு கத்த ஆரம்பிச்சுடும், எல்லாரும் எழுந்துக்க வேண்டியதுதான். அதனால படுக்கறதுக்கு முன்னாடி நல்லா சூடு பண்ணிட்டு, தெர்மோஸ்டாட்ட கம்மியா வச்சுட்டு, கம்பளி ரஜாய் போத்திட்டு தூங்கறதுதான் சரி. வீட்டுக்காரர் ஹீட்டர ஏத்தி வைக்க போனப்ப மாமாவே "ஏலே, எறக்கு, போர்வ இருக்குல்ல"ன்னுட்டார்.

ஜெனரேட்டர் இருக்கு, ஆனா ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் போடக்கூடாது, அதுக்கப்புறமும் பக்கத்துல ஆள் இருந்தா எட்டு மணிக்கு மேல போடறதுதான் மரியாதை. இன்னொண்ணு, கிளாஸ் சி வண்டிகள்ல ஜெனரேட்டர் வண்டியோட பெட்ரோல் டேங்க்லயே குடிக்கும், கால் டேங்க் வந்தா தானா நின்னுடும், நம்ம வீடு திரும்பறதுக்கு பெட்ரோல் மிச்சம் இருக்கணும்னு அப்படி வச்சிருக்காங்க. அதனால உள்ள போறதுக்கு முன்னாடி ஃபுல் டேங்க் அடிச்சுட்டு போங்க. காலைல ஜெனரேட்டர் ஓடுற அந்த ஒரு மணி நேரம் எங்க வண்டிக்குள்ள கல்யாண வீடுதான். 110 வோல்ட் மிக்ஸில தேங்கா சட்னி, ரைஸ் குக்கர்ல மதியத்துக்கு சோறு, எல்லா போனும் சார்ஜ்ல, பிள்ளைங்க டேப்லெட் ஒரு பக்கம்.

சமையல்ல ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். மாவ வீட்டுலயே பொங்க வச்சு எடுத்துட்டு வாங்க, அங்க ராத்திரி குளிருல மாவு அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருக்கும். அப்புறம் தாளிப்ப வண்டிக்குள்ள பண்ணாதீங்க. காஞ்ச மொளகா எண்ணெயில விழுந்த அடுத்த நிமிஷம் ஸ்மோக் அலாரம் அடிக்கும், சின்ன எடம் வேற, ஆறு பேரும் இருமிட்டு வெளிய ஓடணும். ஒரு சின்ன கேம்ப் ஸ்டவ் வாங்கிட்டு போய் வெளிய மேசை போட்டு தாளிச்சோம், அத்தைக்கு அது ரொம்ப புடிச்சு போய் தோசையும் வெளியவே சுட ஆரம்பிச்சுட்டாங்க. காலை வெயில் முதுகுல படற மாதிரி நாற்காலிய போட்டுட்டு, கல்லுல இருந்து தட்டுக்கு நேரா வர்ற தோசை. அந்த நேரத்துக்காகவே திரும்ப போகலாம்.

ராத்திரி வானத்த பத்தி எல்லாரும் எழுதறாங்க, நானும் எழுதறேன், ஏன்னா அது அவ்ளோ நல்லா இருந்துச்சு. அமாவாசைய ஒட்டி போனதால நெலா இல்ல. மாமா நாற்காலிய சாச்சு போட்டுட்டு பிள்ளைங்களுக்கு காட்டினார், நேர் தலைக்கு மேல கொத்தா இருக்கே அது கார்த்திகை, அதுக்கு பின்னாடி செவப்பா ரோகிணி, கிழக்க இன்னொரு செவப்பு திருவாதிரை. போன் ஆப்ல பாத்தா ப்ளையடீஸ், அல்டெபரான், பீட்டல்ஜூஸ்னு காட்டுது, எல்லாம் சரியா பொருந்துச்சு. பீனிக்ஸ் பக்கத்துல சேண்ட்லர்ல எங்க வீட்டு பின்பக்கத்துல இருந்து கார்த்திகைய தேடித்தான் பாக்கணும், இங்க சின்னவளே எண்ணுறா. தூரத்துல கயோட்டி (நரி மாதிரி ஒரு காட்டு மிருகம்) ஊளை கேக்கும், பயப்பட வேண்டாம், ஆனா சாப்பாட்டயும் செருப்பயும் வெளிய விடாதீங்க. எலிங்க வண்டி அடில ஏறி வயர கடிக்கும்னு சொல்றாங்க, அதுக்கு நெறைய பேர் ராத்திரி வண்டிக்கு அடில லைட் போட்டு வைக்கறாங்க.

சுத்தி பாக்க எடம் இருக்கு, ஒரு முழு நாள் ஒதுக்கலாம். ஊர்லயே ஹை ஜாலி சமாதி, கல்லுல கட்டுன சின்ன பிரமிடு, உச்சில ஒட்டகம். நெஜப் பேரு ஹாஜி அலி, அமெரிக்க ராணுவம் பாலைவனத்துல சுமை தூக்க ஒட்டகம் இறக்குமதி பண்ணப்ப 1856ல அதோட வந்தவர், 1902ல இங்கயே செத்துப் போனார், 1935ல இந்த பிரமிட கட்டினாங்க. ப்ளோமோசா ரோட்டுலயே இன்னும் உள்ள போனா தரைல கல்ல வெலக்கி வரஞ்ச ஒரு பழைய பூர்வகுடி ஓவியம் இருக்கு, ஈட்டியோட மீன் புடிக்கிற ஒரு ஆள், சுத்தி வேலி போட்டு வச்சிருக்காங்க. ஆனா ஒரே ஒரு எடம்தான் போக முடியும்னா தெக்க கோஃபா வனவிலங்கு சரணாலயத்துல பாம் கேன்யன் போங்க. யுஎஸ்-95ல 18 மைல், அப்புறம் 7 மைல் மண் ரோடு, அதுக்கப்புறம் அரை மைல் மேட்டுல நடை. செங்குத்தான பாறை இடுக்குல, வேற எங்கயும் பச்சையே இல்லாத மலைல, விசிறி ஓலையோட நம்ம பனை மாதிரியே மரங்க கூட்டமா நிக்குது. மாமா உடன்குடிக்காரர், பனங்காட்டுல வளந்தவர், அங்க ரொம்ப நேரம் பேசாம அண்ணாந்து பாத்துட்டே நின்னார், அப்புறம் "இதுல பதநீ எறக்குவாங்களா"ன்னு கேட்டார்.

குறை இல்லாம இல்ல. காத்துதான் பெரிய தொல்லை, காலைல அமைதியா இருக்கும், மதியம் திடீர்னு தூக்கும், நாங்க பாக்கறப்பவே கொஞ்சம் தள்ளி நின்ன ஒரு வண்டியோட ஆனிங், அதாவது பக்கவாட்டுல விரிக்கிற நெழல் துணி, கம்பியோட பிச்சுட்டு பறந்துச்சு. நெழலுக்கு ஆனிங் விரிச்சா பக்கத்துலயே இருங்க, வெளிய போறப்ப மடக்கிடுங்க. தூசி எல்லாத்துலயும் இருக்கும். சிக்னல் டிசம்பர்ல பரவால்ல, ஜனவரில கூட்டம் வந்தா நெட் ஊர்ந்து போகும்னு ஹோஸ்ட் சொன்னார், அங்கிருந்து வேலை பாக்கலாம்னு நெனக்கறவங்க அத நம்பி மீட்டிங் வைக்காதீங்க. வாடகைக்கு வண்டி குடுத்த கம்பெனி மேல எனக்கு கோவம் இருக்கு, டேங்க் மீட்டர் வேலையே செய்யல, எப்ப பாத்தாலும் முக்கால் டேங்க்னே காட்டுச்சு, பேட்டரியும் பழசு, கேட்டதுக்கு அப்படித்தான் இருக்கும்னுட்டாங்க. வண்டி எடுக்கறப்பவே பம்ப், ஹீட்டர், ஃப்ரிட்ஜ், மீட்டர் எல்லாத்தயும் கரண்ட் ப்ளக் இல்லாம போட்டு காட்ட சொல்லுங்க. மைலுக்கு எவ்ளோ, ஜெனரேட்டர் மணிக்கு எவ்ளோன்னும் கேளுங்க, எடம் ஓசியா இருந்தாலும் பில்லு அங்கதான் ஏறுது.

குப்பை மட்டும் மனசுக்கு வலிச்சுது. எங்களுக்கு முன்னாடி யாரோ தீ போட்ட எடத்துல பாட்டில் சில்லும் கருகுன ஆணியும் கெடந்துச்சு, பிள்ளைங்க செருப்பில்லாம ஓடுற எடம். மாமாவும் வீட்டுக்காரரும் ஒரு மணி நேரம் பொறுக்கினாங்க, ஒரு பை நெறஞ்சுது.

பெரியவங்களுக்கு தினமும் நல்லா குளிக்கணும், தண்ணிய அளந்து வாழறது கஷ்டம்னு தோணுச்சுன்னா ஓசி ஏரியாவ விட்டுட்டு ஊருக்கு தெக்க லா போசா லாங் டெர்ம் விசிட்டர் ஏரியாவுக்கு போங்க. அதுவும் பிஎல்எம் நிலம்தான், 1983ல இருந்து இந்த திட்டம் இருக்கு, செப்டம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும். நான் விசாரிச்சப்ப சீசன் முழுக்க 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர், கெளம்பறதுக்கு முன்னாடி இப்போ என்ன கட்டணம்னு பிஎல்எம் சைட்ல ஒரு தடவ பாத்துக்குங்க. அங்க குடிதண்ணி, டேங்க் காலி பண்ற எடம், குப்பைத்தொட்டி எல்லாம் அந்த காசுலயே வந்துடும். கரண்ட் அங்கயும் கிடையாது. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் எந்த ஏரியாவும் வேண்டாம், 43 டிகிரிக்கு மேல போற வெயிலுல ஏசி ஓட்டவே ஜெனரேட்டர் நிக்காம ஓடணும். நவம்பர் கடைசில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் நல்ல நேரம், தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வண்டி வேணும்னா ஆகஸ்ட்லயே புக் பண்ணிடுங்க, அப்புறம் பீனிக்ஸ்ல நல்ல வண்டி மிஞ்சாது.